மரணத்தோடு சேர்த்து விற்ற வீடு

வீடு வாங்குவது எப்படி என்பது முக்கோனோ வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வாங்கியவர்களுக்குத்தான் கொஞ்சம் சந்தேகம் இருக்கும்.

தெரேசா நசோசி வீடு வாங்கப் போகிறார் என்ற செய்தி பரவியதும் அவருக்குக் கிடைத்த யோசனைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் அதுவே ஒரு வீடாகியிருக்கும். அவர் பெண்கள் உறைவிடப் பள்ளி ஒன்றில் மேட்ரன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பள்ளி வளாகத்துக் குடியிருப்பில்தான் வாசம். கல்யாணம் ஒன்று நடந்து, அதுவாகவே முடிந்தும் போயிருந்தது. பிள்ளை இல்லை, பதிலுக்கு விடுதியில் முன்னூறு பெண்கள். பணி ஓய்வு என்ற வார்த்தை அந்த வருடம்தான் அவர் காதில் விழுந்தது. படிப்புப் பருவம் முடிந்ததும் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்றார்கள். அவர் காலி செய்வதற்கு முன்பே, புதிதாக வரப்போகிற மேட்ரனின் கட்டில் வந்து இறங்கி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தது. தினமும் காலையில் நசோசி அதைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

"மண்ணு வேற, வீடு வேற. அத மறந்துடாதீங்க மேட்ரன்" என்றார் கணக்கு வாத்தியார். அவர் இரண்டையும் வாங்கியதில்லை.

"வெயில் காலத்துல போய்ப் பாத்துட்டு மயங்கிடாதீங்க. மழையில பாருங்க. எங்க சித்தப்பா வாங்கின வீட்டுல நவம்பர்ல தவளை குடியிருக்கு" என்றாள் சமையல்காரி.

"விலை கம்மியா சொல்றவன் அவசரத்துல இருக்கான்னு அர்த்தம். அவசரத்துல இருக்கறவன்கிட்டதான் வாங்கணும்" என்றார் பள்ளி வண்டி ஓட்டுநர்.

இதில் கடைசி யோசனைதான் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

நசோசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கிட்டேகோ கிராமத்தில் ஒரு வீடு கிடைத்தது. மூன்று அறை, தகரக் கூரை, முன்னால் ஒரு பலாமரம், பின்னால் வாழைத்தோட்டம். விற்றவன் செகிட்டோ. அப்பா கியேயுனே இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றும், வீடு சும்மா கிடந்து பாழாகிறது என்றும் சொன்னான். விலையைக் குறைவாகச் சொன்னான். அவசரத்தில் இருந்தான்.

நசோசி மழையில் போய்ப் பார்த்தார். தண்ணீர் நிற்கவில்லை. வீடு செகிட்டோவினுடையது என்றாலும் மண் வேறொருவருடையது; அந்த மண்ணுக்குச் சொந்தக்காரியான சீமாட்டியைத் தேடிப்போய், புதிதாகக் குடிவருபவர் வழக்கமாகத் தர வேண்டிய மரியாதையைக் கொடுத்து, சம்மதம் வாங்கினார். அந்தக் காலத்தில் அந்த மரியாதை ஒரு நீள அங்கியாக இருந்தது. இப்போது உறைக்குள் அடங்குகிறது. கிராமத்துச் சேர்மன் டுங்கு முத்திரை குத்தினார்; குத்தியதற்கும் வாங்கினார். அக்கம்பக்கத்தார் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு சோடா குடித்தார்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் நசோசி ஒரு நாள் தனியாக வந்து வாழைத்தோட்டம் முழுக்க நடந்தார். கல்லறை இருக்கிறதா என்று பார்க்க. புதைத்த இடம் உள்ள வீட்டை வாங்கினால் அந்த வம்சம் காலத்துக்கும் களை பிடுங்க வந்துகொண்டே இருக்கும் என்பது எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"ஒண்ணும் இல்ல மேட்ரன். அப்பாவ மசாகாவுல, எங்க பூர்வீக இடத்துல அடக்கம் பண்ணிட்டோம்" என்றான் செகிட்டோ.

அது உண்மை. தோட்டத்தில் வாழை தவிர வேறு எதுவும் இல்லை. கல்லறை இல்லை என்றால் செத்தவர் இல்லை என்று நசோசி முடிவு செய்தார். யோசனை சொன்ன அத்தனை பேரும் அதையேதான் நினைத்தார்கள்.

பள்ளி மூடுவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஜன்னல்களை அளந்து திரைத்துணி வாங்கலாம் என்று, வாடகை மோட்டார் சைக்கிளில் நசோசி தன் வீட்டுக்குப் போனார்.

வீட்டின் முன்னால் நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். பலாமரத்திலிருந்து கூரை வரை தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. வாழைச் சருகில் குடிசைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஓர் ஆடு கட்டியிருந்தது. அதற்குத் தன் நிலைமை தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை. சுமைவண்டி ஒன்றிலிருந்து முரசுகளை இறக்கினார்கள். நசோசி போன மாதம் ஊன்றிய அவரைப் பாத்தியில் நான்கு கூடாரக் குச்சிகள் அடித்திருந்தன.

வண்டியிலிருந்து அவர் இறங்கியதும் ஓர் இளைஞன் ஓடிவந்தான்.

"அம்மா, சாவி கொண்டாந்தீங்களா? காலைலேந்து வெளியவே நிக்கறோம்."

நசோசி கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கூட்டத்துக்குப் பெரியவர் யார் என்று கண்ணால் தேடினார். பலாமரத்தடியில் வெள்ளை அங்கியும் கோட்டுமாக ஒருவர் நாற்காலியில் இருந்தார். இறந்துபோன கியேயுனேயின் தம்பி கல்யாங்கோ. நசோசி அவர் எதிரே போய்த் தன் சொந்த வாசலில், தன் சொந்தப் பலாமர நிழலில், முட்டிபோட்டார். கோபம் எவ்வளவு இருந்தாலும் எங்கள் பக்கத்தில் வணக்கம் முடியாமல் சண்டை தொடங்க முடியாது. இதனால் பாதிச் சண்டைகள் நடப்பதில்லை.

"பகல் எப்படிப் போச்சும்மா?" என்றார் கல்யாங்கோ.

"நல்லாப் போச்சுங்க ஐயா. உங்களுக்கு?"

"நல்லாப் போச்சு. உன் உழைப்புக்கு நன்றிம்மா."

"உங்க உழைப்புக்கும் நன்றி. என் அவரைப் பாத்தியில நல்லாவே உழைச்சிருக்கீங்க."

"ம். வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"என் வீட்டுல இப்ப நீங்கதான் ஐயா இருக்கீங்க. நீங்கதான் சொல்லணும்."

கல்யாங்கோ கொஞ்ச நேரம் யோசித்தார். "சௌக்கியம்" என்றார்.

வணக்கம் முடிந்தது. நசோசி எழுந்து நின்றார்.

"ஐயா, இந்த வீட்ட நான் வாங்கிட்டேன்."

"கேள்விப்பட்டேன். இன்னிக்குக் காலைல, பூட்டப் பாத்தப்பறம்தான் கேள்விப்பட்டேன். ஆனா எங்க அண்ணன் இன்னும் உள்ள இருக்காரே."

"மசாகாவுல புதைச்சீங்கன்னு சொன்னாங்க."

"புதைச்சது உடம்ப. சாவு இங்கதான இருக்கு. கடைசிச் சடங்கு பண்ணி, வாரிசு வெச்சு, சாவ வெளிய அனுப்பினாத்தான் அது போகும். ரெண்டு வருசமா காசு சேரல. இப்பதான் சேந்துது. உனக்குத் தெரியாததாம்மா?"

நசோசிக்குத் தெரியும். இப்படிப்பட்ட சடங்குகளுக்கு எத்தனையோ முறை போய்ச் சாப்பிட்டிருக்கிறார். இறந்தவர் எங்கே புதைக்கப்பட்டாலும் அவர் குடியிருந்த வீட்டில்தான் அது நடக்கும் என்பதும் தெரியும். வீடு வாங்குகிற அன்று மட்டும் அது ஞாபகம் வரவில்லை. மண், மழை, முத்திரை, கல்லறை எல்லாவற்றையும் விசாரித்தவர், சாவு வீட்டை விட்டுப் போய்விட்டதா என்று கேட்கவில்லை. செகிட்டோ அதையும் சேர்த்தே விற்றிருந்தான்.

செகிட்டோ வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். நசோசியைப் பார்த்ததும் இன்னும் சுறுசுறுப்பாகப் பிளந்தான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலியே மேட்ரன். கல்லறை இருக்கான்னு கேட்டீங்க. இல்லேன்னு சொன்னேன். இல்லதானே?"

அங்கிருந்து நசோசி நேராகச் சேர்மன் டுங்குவிடம் போனார். சேர்மன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"முத்திரை போட்டீங்களே சேர்மன்."

"வித்ததுக்குப் போட்டேன். சாவுக்கெல்லாம் நான் முத்திரை போடறதில்ல."

"இப்ப என்ன ஆகும்?"

டுங்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நாளைக்குக் காலைல வாரிசு யாருன்னு சொல்லுவாங்க. அந்த வாரிசு வேற ஆளா இருந்து, 'இது எங்கப்பா வீடு, விக்க செகிட்டோவுக்கு என்ன உரிமை'ன்னு கேட்டான்னு வைங்க, கேள்வி நியாயமாத்தான் இருக்கும். அப்பறம் கோர்ட்டு. கோர்ட்டுல நீங்க ஜெயிக்கலாம். ஆனா அதுக்கு நீங்க ரொம்ப நாள் உசுரோட இருக்கணும்."

"போலீஸக் கூப்பிட்டு நிறுத்தினா?"

"கூப்பிடலாம். நம்ம இன்ஸ்பெக்டரோட சம்சாரம் கியேயுனேயோட குலம். அந்தம்மா காலைலேயே வந்து வாழைக்காய் உரிச்சிட்டிருக்காங்க." சட்டையைத் தூக்கிப் பார்த்தார். "எனக்கும் நாளைக்கு அங்க ஒரு பேச்சு இருக்கு. அதான் இஸ்திரி."

நசோசியிடம் மிச்சம் இருந்தது பூட்டின் சாவி ஒன்றுதான். திறக்காமல் இருக்கலாம். வாரிசு வீட்டு வாசல்படியில் நின்றால்தான் சடங்கு. கதவு திறக்காவிட்டால் சடங்கு நடக்காது, வாரிசும் வரமாட்டான். ஆனால் சாவு உள்ளேயே இருக்கும். எந்த நேரமும் இன்னொரு தார்ப்பாயுடன் இதே கூட்டம் திரும்பி வரும். குடியிருப்பில் அவருக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது.

கூட்டத்தை முதலில் கவனித்தது அவருடைய தொழில் புத்தி. கழிப்பறைக்கு ஒரே வரிசையில் ஆணும் பெண்ணும் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள். குடிதண்ணீர்க் குடத்தில் யாரோ கை கழுவினார்கள். நசோசி பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வரிசையை இரண்டாகப் பிரித்தார். குடத்துக்கு ஒரு பெண்ணைக் காவல் வைத்தார். யார் நீ என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் குரலில் அதற்கு இடம் இருக்கவில்லை.

அடுப்படியில் இறந்தவரின் அக்கா பெர்பெத்துவா ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தார். வாழையிலையில் கட்டி வேகவைக்க மலைபோல வாழைக்காய் குவிந்திருந்தது. நசோசி ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீதான் வாங்கினவளா?"

"ஆமாக்கா."

"பாவம்."

"பாவம் என்ன இருக்கு. காசு குடுத்துத்தான் வாங்கினேன்."

"அதத்தான்டி பாவம்ங்கறேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உரித்தார்கள்.

"ஏன்க்கா, வாரிசு செகிட்டோதானே? மூத்தவன்."

"மூத்தவனுக்கு எங்கடி வாரிசு? நம்ம ஆளுங்கள்ல மூத்த பயலுக்கு அது கிடையாது, உனக்குத் தெரியாதா? அது தெரிஞ்சுதான அவன் முந்திக்கிட்டான்."

"அப்ப யாரு?"

பெர்பெத்துவா கத்தி முனையால் காட்டினார். சாவி கேட்டு ஓடிவந்த அதே இளைஞன், ஒலிபெருக்கி வயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். "கிவும்பி. செகிட்டோவோட தம்பி. சீட்டா டவுன்ல ஃபோன் ரிப்பேர் கடை வெச்சிருக்கான். சளி ஒழுகற மூக்க இந்தக் கையால தொடச்சிருக்கேன். நாளைக்கு அவன நான் தம்பின்னு மரியாதையா கூப்பிடணும், அவன் அப்பா எடத்துக்கு வந்துட்டானாம். செகிட்டோவ நினைச்சாத்தான் எனக்குச் சிரிப்பு வருது. பத்து வயசு சின்னவன அவன் அப்பான்னு கூப்பிடணும். சின்னப் பிள்ளை மாதிரி எல்லாத்துக்கும் அவன் வாயப் பாக்கணும்."

நசோசி உரித்துக்கொண்டிருந்த காயைக் கீழே வைத்தார்.

"மகன் பண்ணினதுக்கு அப்பாதானே பதில் சொல்லணும்க்கா?"

"பின்ன, அடுத்த வீட்டுக்காரனா சொல்லுவான்?" பெர்பெத்துவா அவரைத் திரும்பிப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கத்தியைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். "காலைல கதவ நேரத்தோட தெற. பூட்டிவெச்சு ரகளை பண்ணாத" என்றார்.

இரவு முழுக்க முரசு. யாரும் தூங்கவில்லை; அதைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

விடிந்ததும் நசோசி விசேஷ நாட்களுக்கான நீள உடையான கோமேசியை உடுத்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தானே போய்ப் பூட்டைத் திறந்தார். திறக்கமாட்டார் என்று பந்தயம் கட்டியிருந்த இரண்டு பேர் முகம் சுருங்கிப்போனார்கள். கிவும்பியை வாசல்படியில் நிறுத்தினார்கள். தோளில் மரப்பட்டைத் துணியை முடிந்து, கையில் ஈட்டியைக் கொடுத்தார்கள். அவன் ஈட்டியை ஆண்டெனா பிடிப்பதுபோலப் பிடித்தான். இனி நீதான் கியேயுனே, இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் நீதான் தகப்பன், பசித்தவனுக்குச் சோறு போடு, குலத்தின் பேச்சைக் காப்பாற்று என்று கல்யாங்கோ ஒலிபெருக்கியில் சொன்னார். சேர்மன் டுங்குவும் பேசினார். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து வாரிசுக்கு வாழ்த்தும் புத்தியும் சொன்னார்கள். அந்த வரிசையில் நசோசியும் நின்றார். முறை வந்ததும் முட்டிபோட்டார்.

"ராத்திரி எப்படிப் போச்சுங்க ஐயா, செகிட்டோவோட அப்பா?"

கூட்டத்தில் பின்பக்கம் சலசலத்தது. கிவும்பிக்கு அந்தப் பெயர் தன்னைத்தான் குறிக்கிறது என்று புரியக் கொஞ்சம் நேரம் ஆனது.

"நல்லா... நல்லாப் போச்சும்மா. உங்களுக்கு?"

"நல்லாப் போச்சு. உங்க மகன் எனக்கு இந்த வீட்ட வித்திருக்காரு. உங்களக் கேக்காம வித்துட்டாரு, சின்னப் பிள்ளைங்க அப்படித்தான். மகன் குடுத்த வாக்கு அப்பாவோட வாக்குதானான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"இது அதுக்கான நேரமில்லம்மா" என்றார் கல்யாங்கோ.

"இதான் நேரம்" என்றார் பெர்பெத்துவா, அடுப்படியிலிருந்து வந்து நின்றுகொண்டு. "மைக்க அவகிட்ட குடு. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

மைக் வந்தது. நசோசி அதே கேள்வியை, விடுதியில் பெயர் வாசிக்கிற குரலில், இன்னொரு முறை கேட்டார். கிராமத்தில் அதைக் கேட்காதவர் யாரும் இல்லை.

கிவும்பி ஈட்டியைக் கை மாற்றினான். அவனுக்கு அந்த வீடு வேண்டுமா என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கதவையும் தகரக் கூரையையும் பார்த்தான். வேண்டும்போலத்தான் இருந்தது. நசோசி முட்டிபோட்டபடியே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செகிட்டோ" என்று கூப்பிட்டான் கிவும்பி. பெர்பெத்துவா தொண்டையைச் செருமினார். அவன் திருத்திக்கொண்டான். "மகனே. இங்க வா."

செகிட்டோ வந்தான். பத்து வயது மூத்தவன், ஒரு தலை உயரம் அதிகம்.

"வித்த காச என்ன பண்ணினே?"

"வண்டி வாங்கினேன்."

"வண்டி வாங்கினேன்...?" என்றார் பெர்பெத்துவா.

"வண்டி வாங்கினேன்... அப்பா."

கூட்டம் சிரிக்காமல் இருக்க முயன்றது. முடியவில்லை.

"எங்க வண்டி?"

"கராஜ்ல. எஞ்சின் கழட்டிப் போட்டிருக்கான்... அப்பா."

கிவும்பி நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். "சரி. வீடு நம்மகிட்டயே இருக்கணும்னா இந்தம்மா காசத் திருப்பிக் குடுக்கணும். என்கிட்ட இல்ல. என் மகன்கிட்ட எஞ்சின்தான் இருக்கு. குலத்தோட வீடுதானே, எல்லாரும் சேந்து குடுப்போம். முதல்ல யாரு?"

அந்த நேரம் பலாமரத்தில் காய் எத்தனை என்று பார்க்க வேண்டிய அவசியம் பலருக்கு வந்தது. கல்யாங்கோ கோட்டுப் பொத்தானைப் போட்டார். ஆடு சமைத்துக்கொண்டிருந்தவர்கள் ஆட்டைக் கவனிக்கப் போனார்கள்.

கிவும்பி நியாயமான நேரம் காத்திருந்தான்.

"அப்ப என் மகன் வித்தது நான் வித்தது" என்றான். "வந்த முதல் நாளே நான் வார்த்தை மாறினேன்னு பேர் வாங்க முடியாது. எல்லாரும் கேட்டுக்குங்க."

ஊரே கேட்டது. எந்தக் கோர்ட்டும் இத்தனை சாட்சிகளைக் கூட்டியிருக்க முடியாது. நசோசி மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழ முயன்றார். முட்டி பிடித்துக்கொண்டது. பெர்பெத்துவா கை கொடுத்துத் தூக்கினார்.

கல்யாங்கோவுக்கு ஒரு பேச்சு பாக்கி இருந்தது. "எங்க அண்ணன் வாழ்ந்த வீடும்மா இது. நாங்க இந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாப்போம்."

"தாராளமா வாங்க ஐயா. ஞாயித்துக்கிழமை, மதிய சாப்பாட்டுக்கு அப்பறம். அஞ்சு மணிக்கு மணி அடிச்சிருவேன்."

கல்யாங்கோ அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் தார்ப்பாய் இறங்கியது. குடிசைகளைப் பிரித்துச் சருகை வாழைக்கு எருவாகப் போட்டார்கள். நசோசி கூடவே நின்று, அவரைப் பாத்தியில் இருந்த நான்கு குச்சிகளும் எண்ணிக்கை குறையாமல் வெளியே வருகின்றனவா என்று பார்த்தார். சுமைவண்டி போனது. முரசுகள் போயின. கிவும்பி மட்டும் மரப்பட்டைத் துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு வாசல்படிக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

"என்னப்பா?"

"அம்மா, வாரிசு ஒரு ராத்திரியாவது அந்த வீட்டுல தூங்கணுமாம். பெரியவங்க சொன்னாங்க. உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா..."

நசோசி அவனை மேலும் கீழும் பார்த்தார். இரவு முழுக்க வயர் பிடித்து, காலை முழுக்க ஈட்டி பிடித்து, நின்றபடியே தூங்கிவிடுவான் போலிருந்தான்.

"கடைசி ரூம். காலக் கழுவிட்டு வா. கதவத் தாழ்ப்பாள் போட்டுக்க."

"போட்டுக்கறேன். எனக்குப் பழக்கந்தான்மா. நான் பொறந்த வீடு."

"இருக்கலாம். தாழ்ப்பாள் புதுசு" என்றார் நசோசி. "வா, எப்படிப் போடறதுன்னு காட்டறேன்."